மருந்தில்லாத் தோட்டத்து வெட்டுக்கிளிகள்

ஆறு நாளாக ஓணான் எதையும் விழுங்கவில்லை.

அந்த ஆறு நாளும் அது எங்கள் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது. அப்பாவுக்குச் சின்னமனூரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடை. கீழே கடை, மேலே வீடு. ஓணானை வாங்கியவன் என் தம்பி விஜய்ராஜ். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். தன் பிறந்தநாளுக்குத் தானே வாங்கிக்கொண்ட பரிசு. ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான், மூன்று மாதக் குட்டி, வாலோடு சேர்த்து என் கையளவு. விடுதியில் வைத்திருக்கக் கூடாது என்று வார்டன் சொன்னதும் பஸ்ஸில் தூக்கி வந்து கல்லாவில் வைத்துவிட்டு மறுநாளே போய்விட்டான். போவதற்கு முன் அதற்கு சீசர் என்று பெயர் வைத்தான். தொட்டிக்குள் ஆற்றுமணல் கொட்டினான். நீலக் கூழாங்கற்கள் போட்டான். நிறம் மாறி மாறி மின்னும் விளக்குச்சரம் மாட்டினான். ஓணானுக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை.

கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடியைத் தட்டினார்கள். சிலர் அதைக் கையில் எடுத்து செல்ஃபி எடுத்தார்கள். ஒருவர் அதன் மூக்கருகே பீடிப்புகையை ஊதிப் பார்த்தார். அதன் தொண்டை கறுத்துப்போயிருந்தது. வயிற்றில் கறுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. பயந்தால் அது அப்படித்தான் கறுக்கும்.

"பாருங்கப்பா, கலரு மாத்துது" என்று சிரித்தார்கள்.

நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். விலங்கியல் படித்தவள். படிப்பு முடிந்து கடையில் உட்கார்ந்து ஒரு வருடம் ஆகிறது. அது ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. சொல் தொண்டை வரை வந்து நின்றுவிடும். ஊரில் இதை நல்ல குணம் என்கிறார்கள்.

அதிகம் சொல்பவர் சுந்தர்ராஜ் மாமா. உறவில்லை, ஒரே கிறிஸ்தவ சபை. ஓடைப்பட்டிப் பக்கம் நாலு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறார். அவர் கை காட்டினால் அந்தப் பக்கத்து விவசாயிகளில் பாதிப்பேர் எங்கள் கடைக்கு வருவார்கள். அவர் முகம் சுளித்தால் எதிர்க்கடைக்குப் போவார்கள். அதனால் அவர் வந்தால் அப்பா எழுந்து நிற்பார்.

"ஏலே ஜெபமணி, நாங்கள்லாம் சின்னதுல ஓணானைப் பிடிச்சு வாயில மூக்குப்பொடியத் தூவி விடுவோம். கிறுகிறுன்னு ஆடும் பாரு, அம்புட்டு வேடிக்கையா இருக்கும். நீ என்னடான்னா கண்ணாடி மாளிகை கட்டிக் குடுத்திருக்க."

அப்பா சிரித்தார். "பய வாங்கிட்டு வந்துட்டான்ணே. திங்கத்தான் மாட்டேங்குது."

"ஏ ஆத்தா, நீ இதத்தான படிச்ச? சொல்லு, ஏன் திங்க மாட்டேங்குது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

"கேட்டியா? பதிலே வராது. ஒம்மக வாயத் தெறந்து நான் பாத்ததில்லப்பா. கட்டிக்கிறவன் குடுத்து வச்சவன்."

மறுநாள் ஞாயிறு. தலைவலி என்று சொல்லிவிட்டு நான் கோவிலுக்குப் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் ஆராதனைக்குப் போனதும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கனமாக இருந்தது. பாதிப் படியில் இடுப்பில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினேன். கோபத்தில்தான் தூக்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

மணலை அள்ளிக் கொட்டினேன். குட்டி மணலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். அடியில் செய்தித்தாள் விரித்தேன். கூழாங்கல்லையும் விளக்குச்சரத்தையும் ஒரு பையில் போட்டு விஜய்ராஜின் அலமாரியில் திணித்தேன். ஒரு மூலையில் ஓட்டுத்துண்டு வைத்து, அதற்கு மேலே நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டேன். மறுமூலையில் உடைந்த பூந்தொட்டியைக் கவிழ்த்து ஒளிந்துகொள்ள இடம் செய்தேன். ஓடு நாற்பது டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், மறுபக்கம் முப்பதைத் தாண்டக் கூடாது. பல்பை ஏற்றி இறக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். உரப்பெட்டி அட்டையைக் கிழித்துத் தொட்டியின் மூன்று பக்கத்தையும் மறைத்தேன். கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து அது பயந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அந்த அறையில் மருந்து வாடை இல்லை.

ஆராதனை முடிந்து வந்த அப்பா வெறும் கல்லாவைப் பார்த்துவிட்டு மாடி ஏறி வந்தார்.

"அங்கன இருந்தா நாலு பேரு பாப்பாக. எதுக்கு மேல கொண்டாந்த?"

"செத்துரும்ப்பா."

"செத்தாப் பொதச்சிட்டுப் போறோம்."

கெட்ட மனிதர் இல்லை. அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார். நான் கதவை ஒட்டி நின்றேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

மாலையில் விஜய்ராஜ் போன் செய்தான்.

"அக்கா, சீசரக் கல்லாவுல இருந்து எடுத்துட்டியாமே? எல்.ஈ.டி.யாச்சும் மாட்டி விடு. வீடியோவுல டல்லா இருக்கும்."

"அதுக்குப் புற ஊதாக்கதிர் வெளக்கு வேணும். அதோட ரசீதுல எழுதியிருக்கே, நீ படிக்கவே இல்லையா?"

"நீதானக்கா ஜுவாலஜி."

"அப்ப நீ எதுக்குடா வாங்குன?"

"சரி சரி, கத்தாத. ஆர்டர் போடுறேன். நீ போன்ல மட்டும் என்னமாப் பேசுற!"

மூன்று நாள் நான் அதைத் தொடவில்லை. யாரையும் தொடவும் விடவில்லை. காலையில் பல்பைப் போடுவேன், தண்ணீர் தெளிப்பேன், வெளியே வந்துவிடுவேன். முதல் நாள் பூந்தொட்டிக்குள்ளேயே கிடந்தது. இரண்டாம் நாள் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. மூன்றாம் நாள் ஓட்டின் மேல் ஏறி, வாயைத் திறந்துகொண்டு சூடு காய்ந்தது. தொண்டையில் கறுப்பு போய் வெளிர்மஞ்சள் வந்திருந்தது. கோவில் வளாகத்துப் புல்லில் தேடி, அதன் இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள அகலத்தைத் தாண்டாத ஒரு குட்டி வெட்டுக்கிளியைப் பிடித்து வந்தேன். உள்ளே விட்டுவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தலையைச் சாய்த்தது. வாலின் நுனி நெளிந்தது. அப்புறம் பாய்ந்தது.

எனக்குக் கண் கலங்கியது. அதற்கும் என்மேல் கோபம் வந்தது.

வளரும் குட்டிக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பூச்சியாவது வேண்டும். மதுரையிலிருந்து பார்சலில் வந்த புழுக்களை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முருங்கையிலையைப் பொடியாக நறுக்கி வைத்தால் மிதித்துக்கொண்டு போனது. கோவில் புல்லிலும் பூச்சி தீர்ந்துவிட்டது. சுற்றிலும் வயல்தான், ஆனால் எந்த வயலில் எப்போது என்ன அடித்தார்கள் என்று யார் கண்டது? மருந்து பட்ட பூச்சியைத் தின்றால் இந்த அளவுக் குட்டி ஒரு நாள் தாங்காது.

அம்மா சுகிர்தம் இதைக் கோவிலில் யாரிடமோ சொல்லி, அது சுந்தர்ராஜ் மாமாவின் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு காலையில் மூடியில் ஓட்டை போட்ட ஜாம் பாட்டிலோடு வந்து நின்றார்.

"நம்ம தோட்டத்து வெட்டுக்கிளி. தைரியமாப் போடு ஆத்தா. கெளை வெட்டிக் கவாத்து பண்ணுனதுல இருந்து மருந்துன்னு ஒரு சொட்டு காட்டல. பஞ்சகவ்யம், வேப்பெண்ணெய், அம்புட்டுதான். கோட்டயத்துக்காரரு ஒருத்தரு மருந்தில்லாத பழமாத்தான் வேணும்னு கேட்டிருக்காக."

அது உண்மை. இரண்டு மாதமாக அவர் எங்கள் கடையில் மருந்து வாங்கவில்லை. அப்பா அதற்காகப் புலம்பிக்கொண்டிருந்தார். நான் நம்பினேன். மாமாவுக்கு நன்றிகூடச் சொன்னேன், அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

தினமும் பாட்டில் வந்தது. ஐந்தாறு இருக்கும். திறந்தால் பிடிக்க முடியாது, அறை முழுக்கத் துள்ளும். மீதிக்கு மொட்டை மாடித் தொட்டிச் செடிகளில் தேடிக்கொள்வேன். கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பேன். ஒரு மாதத்தில் தோல் உரித்தது. வால் தடித்தது. என் காலடிச் சத்தம் கேட்டால் கண்ணாடியோரம் ஓடி வந்து நிற்கும். பூச்சியை விரலில் பிடித்து நீட்டினால் நாக்கை நீட்டி வாங்கிக்கொள்ளும். அதற்கு யாரும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. பயம் விட்டதும் அதுவாக வந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். ஊருக்கே தெரிந்தது.

பிறகு அந்த வியாழக்கிழமை.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பழ வெட்டு நெருங்கியபின் மருந்து வாங்குகிறவர்கள் முன்வாசலில் நிற்பதில்லை. பின்னால் குடோன் பக்கம் வருவார்கள். மருந்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்போம். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எல்லாக் கடைகளிலும் இப்படித்தான் என்று அப்பா சொல்வார்.

சாயங்காலம் சுந்தர்ராஜ் மாமா குடோன் பக்கம் வந்தார்.

"மாவுப்பூச்சி எறங்கிருச்சுப்பா ஜெபமணி. குலைக்குள்ள வெள்ள வெள்ளையா அப்பிக் கெடக்கு. சனிக்கெழம கோட்டயத்துக்காரரு வாராரு. இந்த நெலமயில காட்டுனா ஒரு குலைகூட எடுக்க மாட்டாரு."

"வேப்பெண்ணெய்க்குக் கேக்காதாண்ணே?"

"கேட்டா ஒங்கிட்ட ஏன் வாரேன்?"

அப்பா ஒரு மருந்தின் பெயரைச் சொல்லி என்னை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். கடும் விஷம் என்பதற்கு மஞ்சள் முக்கோணம் போட்டது. செடிக்குள்ளே ஊடுருவிப் பாயும் மருந்து. கழுவினால் போகாது. வெட்டுக்குப் பல நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று லேபிளில் தமிழிலேயே அச்சடித்திருந்தது.

"அப்பா, நாளான்னிக்கு வெட்டுன்னா..."

"சுத்திக் குடு."

"இதுல போட்டிருக்குப்பா..."

"பிரின்சி. சுத்திக் குடு."

சுற்றினேன். என் கைதான் சுற்றியது. மாமா அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அதான் நல்ல புள்ள" என்றார்.

அடுக்களையில் அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மருந்தில்லாத பழம்னு சொல்லி விக்கப் போறாக. அப்பாவும் குடுத்து அனுப்புறாக."

"ஊருல அடிக்காதவன் யாரு?"

"அடிக்கிறேன்னு சொல்லி அடிக்கட்டும். இது பொய்தான?"

"மெதுவாப் பேசு, அப்பா காதுல விழப்போகுது."

"இந்த வாரம் அவரு தோட்டத்துப் பழம் வந்தா நம்ம வீட்டுல தின்போமா?"

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. "நம்ம எதுக்குத் திங்கணும்? நமக்குத்தான் தெரியுமே."

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாட்டில் வரவில்லை. வந்தாலும் வாங்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அன்று மாடிச் செடிகளில் கிடைத்த ஏழெட்டுப் பூச்சியோடு ஓணானின் தீனியை நிறுத்திவிட்டேன். சாயங்காலம் வரை அது கண்ணாடியோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை வாசலில் கேரளப் பதிவெண் போட்ட கார் வந்து நின்றது. சுந்தர்ராஜ் மாமா முன்னால் இறங்கினார். ஒரு கையில் திராட்சைப் பெட்டி, மறுகையில் ஜாம் பாட்டில். பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட நடுவயதுக்காரர் வந்தார். பெயர் ஷாஜி. கோட்டயத்தில் மூன்று கடைகளுக்குப் பழம் எடுக்கிறார்.

"ஜெபமணி, நம்ம சாருக்கு அந்த ஓணானைக் காட்டணும். வர்ற வழியெல்லாம் அதப் பத்தித்தான் பேச்சு."

ஷாஜி சிரித்தார். "எல்லாவரும் மருந்தில்லா மருந்தில்லான்னு சொல்லும். இவர் மாத்திரம் சொன்னது, என் தோட்டத்துப் பூச்சியத் தின்னு ஒரு ஜீவி வளருதுன்னு. அது கண்டால் எனக்குப் போதும். வேற ஒண்ணும் வேண்டா."

"கேட்டியா? லேபு டெஸ்ட்டு வேணாம், சர்டிபிகேட் வேணாம். ஓணான் தின்னாப் போதும்னுட்டாரு. ஏ ஆத்தா, கொண்டா அத."

நான் அசையவில்லை. அப்பா என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எடுத்துட்டு வா."

"அது அவரு தோட்டத்துப் பூச்சிப்பா."

"ஒண்ணு ரெண்டு தின்னா ஒண்ணும் ஆகாது."

"ஆகும்ப்பா."

"அப்ப நான் போயி எடுத்துட்டு வாரேன்."

போனார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நான் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியிலிருந்து ஒரு பழத்தைக் கிள்ளி ஷாஜி வாயில் போட்டார். "நல்ல மதுரம்" என்றார். குலைகள் பளபளவென்று இருந்தன. ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. இரண்டாவதைக் கிள்ளினார். மூன்றாவதையும். "வீட்டில் பேரக்குட்டி இருக்கான். ஒரு வயசு. அவனுக்குக் கொடுக்க ஒரு குலை தனியா எடுக்கணும்" என்றார்.

பாட்டிலைப் பார்த்தேன். வழக்கமாக ஐந்தாறு இருக்கும் பாட்டிலில் இன்று முப்பதுக்குக் குறையாது.

"இன்னிக்கு வளமாக் கெடச்சுச்சு" என்றார் மாமா பெருமையாக. "வரப்போரம் சும்மா கையால அள்ளுனேன் சாரே. ஓடக்கூட இல்ல."

ஓடாது. ஓட முடியாது. பாதி மல்லாந்து கிடந்தன. மீதி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து பின்னங்கால்களை உதறிக்கொண்டிருந்தன. துள்ளத் தெம்பில்லாமல் கால் மட்டும் நடுங்கியது. மாமா பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஷாஜி தலையாட்டினார். அவருக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரியும். நாற்பது வருடம் தோட்டத்தில் இருப்பவருக்கு ஒரு வெட்டுக்கிளி ஏன் கையால் அள்ளும்படி கிடக்கும் என்று தெரியாதா?

அப்பா ஓணானைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். தொட்டியைத் தூக்க முடியவில்லை போலிருக்கிறது. கல்லாக் கண்ணாடியின் மேல் விட்டார். புது இடம், புது முகங்கள். தொண்டை கறுக்கத் தொடங்கியது. அது சுற்றிலும் பார்த்தது. என்னைப் பார்த்ததும் நின்றது. நேற்றிலிருந்து அரை வயிறு.

"ஏயப்பா, இது கொள்ளாமே, நல்லா இருக்கே" என்று ஷாஜி குனிந்தார்.

மாமா மூடியைத் திருகினார். இரண்டு விரலால் ஒரு வெட்டுக்கிளியின் காலைப் பிடித்துத் தூக்கினார். அது அவர் விரலில் தொங்கி நடுங்கியது.

"பாருங்க சாரே, எப்படித் துடிக்குது. அம்புட்டும் உசுரு."

நீட்டினார். ஓணான் தலையைச் சாய்த்தது. அதன் வால் நுனி நெளிந்தது. கையிலிருந்து வாங்கிச் சாப்பிட நான்தான் பழக்கியிருந்தேன். யார் கை என்று அது பார்க்காது. அது ஓர் அடி முன்னால் வைத்தது. வாயைத் திறந்தது.

நான் இரண்டு கையாலும் அதை மூடினேன்.

மாமாவின் விரல் என் புறங்கையில் இடித்தது. வெட்டுக்கிளி கல்லாவில் விழுந்து, மல்லாந்து, காலை உதைத்தது. என் உள்ளங்கைக்குள் ஓணானின் விலா ஏறி இறங்கியது.

"ஏ, என்ன பண்ற?" என்றார் அப்பா.

"விடு ஜெபமணி. கூச்சப்படுது" என்று மாமா சிரித்தார். "சாரே, இது ரொம்ப வெக்கப்படுற புள்ள. ஆளக் கண்டா அதுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. ஆத்தா, கைய எடு. சாரு பாக்கட்டும்."

"பேடிக்க வேண்டா மோளே, பயப்படாத" என்றார் ஷாஜி. "நான் ஒண்ணும் செய்யத்தில்ல. தின்னுறது பாக்கணும், அத்தனைதான்."

நான் கையை எடுக்கவில்லை.

"பிரின்சி" என்றார் அப்பா. அந்தக் குரல் எனக்குத் தெரியும். "கைய எடு. உள்ள போ."

"எடும்மா" என்றார் மாமா. இப்போது அவர் சிரிக்கவில்லை. பாட்டிலிலிருந்து இன்னொன்றை எடுத்தார். "பெரியவுக சொல்றது காதுல விழல? இம்புட்டு நாளும் நான் குடுத்த பூச்சியத் தின்னுதான இது வளந்துச்சு? இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சாம்? சாருகிட்ட சொல்லு. எங்க, வாயத் தெறந்து சொல்லு பாப்போம்."

ஷாஜி என்னைப் பார்த்தார். அவர் விரலிடுக்கில் இன்னொரு பழம் இருந்தது.

சொல் வழக்கம்போலத் தொண்டைக்கு வந்து நின்றது. ஓணானை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக, கடைக்கு வெளியே கேட்கும் அளவுக்குப் பெரிதாக வந்தது.

"அந்தப் பழத்தக் கீழ போடுங்க சார். முந்தாநாள் சாயங்காலம் இவுக எங்க கடையிலதான் மருந்து வாங்குனாக. இந்தத் தோட்டத்துக்கு. நாந்தான் பேப்பர்ல சுத்திக் குடுத்தேன்."